அருளப்பன் விட்டுப்போன படங்கள்

அருளப்பன் இறந்த முப்பதாம் நாள், தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் லீலாவதி டீச்சர் ஓவியக்கூடத்தின் கதவுகளை அகலத் திறந்துவைத்தார்.

புதுச்சேரியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த சிறிய கூடம் அது. பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவர் டீச்சர். தன் வீட்டின் முன்பகுதியையே கூடமாக மாற்றியிருந்தார். பள்ளி நாட்களிலேயே அவரிடம் முதலில் கற்க வந்தவர் அருளப்பன். அடுத்து வந்தவர் தணிகாசலம். ஐம்பது வயதைக் கடந்த பிறகும் இருவரும் அங்கேதான் வரைந்தார்கள். அங்கேதான் தங்கள் படங்களைப் பார்வைக்கு வைத்தார்கள்.

அருளப்பன் தேங்கிய நீரைத் தவிர வேறொன்றும் வரைந்ததில்லை. மழை விட்ட தெருவில் நிற்கும் நீர். அதற்குள் தெரியும் வேப்பமரம், மின்கம்பி, யாரோ ஒருவரின் குடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த அவர் அக்கா, "நீங்களே பாத்துச் செய்யுங்க டீச்சர். அவனுக்கு எல்லாமே இந்த இடம்தான்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

மீதமிருந்த படங்களையெல்லாம் டீச்சர் சுவரோரம் சாய்த்துவைத்தார்.

"அவனைத் தெரிஞ்சவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கட்டும்."

வந்தார்கள். சிலர் வெகுநேரம் நின்று பார்த்து எடுத்தார்கள். சிலர் கதவருகே இருந்ததை எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி போனார்கள். பொழுது சாய்வதற்குள் சுவரோரம் வெறுமையானது.

சில வாரங்கள் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு பெரிய ஓவியக்கூடத்தார் தணிகாசலத்தைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர் ஓட்டமும் நடையுமாக டீச்சரிடம் வந்தார்.

"அருளப்பன் பேர்ல தனியா ஒரு அறை கட்டறாங்களாம் டீச்சர். எல்லாப் படமும் ஒரே இடத்துல, நல்ல வெளிச்சத்துல, ஏசியில இருக்கும். அவன் உயிரோட இருந்தப்போ இந்த மரியாதை கிடைக்கலியே! கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கிடலாமா?"

டீச்சர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போனவங்களைப் போய்ப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு."

தணிகாசலம் வீடு வீடாகப் போனார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"இவங்க கையில கொடுத்திருக்கவே கூடாது."

"என்ன ஆச்சு?"

"முத்தியால்பேட்டையில பஸ் கண்டக்டர் புருஷோத்தமன். படத்தைத் தலைகீழா மாட்டி வெச்சிருக்கார். தண்ணியில மரம் தலைகீழாத் தெரியுதாம், அதனால திருப்பி மாட்டினாராம்! தண்ணி மேல இருக்கு, தெரு கீழ இருக்கு."

"நீ என்ன சொன்னே?"

"தப்புன்னு சொன்னேன். சிரிச்சார். ஒருநாள் நல்ல மழையில அருளப்பன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினானாம். ரோட்டோரக் குட்டையைப் பாத்துக்கிட்டு நின்னவன் திரும்பி ஏறவே இல்லியாம். பஸ்ஸே திட்டிச்சாம். 'இப்பல்லாம் மழை விட்டா நானும் ஒரு தடவை எட்டிப் பாக்கறேன் சார்'ங்கறார்."

மேலே சொல்லும்படி டீச்சர் தலையசைத்தார்.

"அரியாங்குப்பத்துல ஜெசிந்தா. கடைசியா அவன் கிடந்த வார்டுல இருந்த நர்ஸ். படத்தை எங்க மாட்டியிருக்கா தெரியுமா? கேஸ் அடுப்புக்குப் பக்கத்துல. தாளிக்கிற எண்ணெயெல்லாம் தெறிச்சிருக்கு."

"அவ என்ன சொன்னா?"

தணிகாசலம் தயங்கினார்.

"'வார்டுல அவரு பேச ஆசைப்பட்டாரு, எனக்குத்தான் நிக்க நேரமில்ல. இப்ப சமைக்கறப்போ பேசிக்கிட்டிருக்கேன்' அப்படின்னா."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

"வேற யாரைப் பாத்தே?"

"கோதண்டத்தைப் பாத்தேன்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். கோதண்டமும் ஓவியர்தான். எந்தக் காலத்திலோ ஒரு கண்காட்சியில் அருளப்பனோடு வாய்த்தகராறு. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாவுக்கும் அவர் வரவில்லை. படம் கொடுத்த அன்று மட்டும் வந்து, யாரையும் பார்க்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

"மத்தியான வெயில் நேரா விழற சுவத்துல மாட்டியிருக்கார் டீச்சர். அவருக்குத் தெரியாதா, நிறம் வெளுத்துடும்னு? கேட்டேன். 'வெயில் பட்டாத்தான் அது தண்ணியா இருக்கு. வெளுக்கும், தெரியும். நானும்தான் வெளுத்துக்கிட்டிருக்கேன்' அப்படின்னார். எதிர்ல ஒரு நாற்காலி போட்டிருக்கார். என்னை அதுல உக்காரச் சொல்லல. அவருதான் உக்காந்தார். நான் கிளம்பறதைக்கூடப் பாக்கல."

சொல்லச் சொல்ல அவர் குரலில் இருந்த கோபம் எங்கோ இறங்கிப் போயிருந்தது. தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"சென்னைக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

"அந்த மூணு பேரோட விலாசத்தையும் கொடு. அருளைப் பாக்கணும்னா அங்க போகச் சொல்லு."

"கெட்டுப்போயிடுமே டீச்சர். ஒண்ணு எண்ணெய்ப் பிசுக்கில, ஒண்ணு வெயில்ல. நாளைக்கு அவன் வரைஞ்சதுன்னு காட்ட ஒண்ணுமே இருக்காதே. ஒரே இடத்துல பத்திரமா இருந்தா..."

"நீயும் ஒண்ணு எடுத்தே இல்ல?"

"ஆமா."

"அது எங்க இருக்கு?"

"அது பத்திரமா இருக்கு. வெள்ளை வேட்டியில சுத்தி பீரோல வெச்சிருக்கேன். தூசிகூடப் படாது."

"என்ன படம் அது?"

தணிகாசலம் தரையில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்கைகளையே பார்த்தார்.

"தெரியல டீச்சர்."

"பாக்காமலா எடுத்தே?"

"எடுக்கும்போது பாக்கல. வீட்டுக்குக் கொண்டுபோய் அப்படியே சுத்தி வெச்சுட்டேன். ரெண்டு மூணு தடவை பீரோவைத் திறந்தேன். பிரிக்க முடியல."

அவர் தோள்கள் குலுங்கின. பூசையன்றும் அழாதவர் அவர். டீச்சர் எழுந்து வந்து அருகில் தரையில் அமர்ந்தார். கடற்காற்றில் கதவு ஒருமுறை சாத்தித் திறந்தது.

பிறகு டீச்சர் சொன்னார்:

"திருப்பி வாங்க வேண்டியது அந்த ஒண்ணுதான். போய் எடுத்துட்டு வா. என்னாலயும் தனியாப் பாக்க முடியாது. சேந்து பிரிப்போம்."