திருவிழா நாளின் பூஜ்யம்

தூத்துக்குடியில் ஜெசிந்தா என்றொரு பெண். காலையில் எழுந்ததும் மற்றவர்கள் வாட்ஸ்அப் பார்ப்பார்கள். அவள் பதிவிறக்க எண்ணிக்கை பார்ப்பாள். கடலின் ஏற்றவற்றத்தைக் கணித்துச் சொல்லும் பைத்தான் நிரல்தொகுப்பு ஒன்றை அவளும் உள்ளூர்க்காரனான கிளமென்டும் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுக் களஞ்சியத்தில் வைத்திருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் பேசாத குறைதான்.

நான்காம் பதிப்பில் வினை வந்தது. அது முழுக்க அவன் போட்ட கணக்கு. பிழை என்று, அவனைக் கேட்காமலே ஜெசிந்தா ஒதுக்கிவைத்தாள். ஒதுக்கிய பதிப்பு தானாக யாருக்கும் போகாது; அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும். "என் கணக்கு சரிதான்" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனவன் மூன்று வருடமாகப் பேசவில்லை. இவளும் வீம்புக்குக் கூப்பிடவில்லை. ஆனால் அவனை நினைக்காத நாள் இல்லை.

தொகுப்பின் புதிய பதிப்புக்குத் தினமும் நாற்பது பதிவிறக்கம். ஞாயிறானாலும் பொங்கலானாலும் நாற்பதுதான். நான்காம் பதிப்புக்கு மட்டும் வேலைநாளில் ஒன்று, விடுமுறையில் பூஜ்யம். அந்த ஒன்று அவன்தான் என்று நம்பித்தான் அவள் காத்திருந்தாள்.

வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அவள் பதில் சொல்லவேண்டிய நாளில் தம்பி ஆல்வின் வந்து உட்கார்ந்தான்.

"யக்கா, எல்லாம் மெஷின் எடுக்கது. இதை நம்பியா ஒக்காந்திருக்க?"

"ஆகஸ்ட் அஞ்சு புதன்கிழமை. அன்னைக்கு நாலாம் பதிப்புக்குப் பூஜ்யம். மெஷின் மாதா திருவிழாவுக்கு லீவு போடுமால?"

பனிமய மாதா திருவிழா என்றால் எங்கிருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். திருவிழா அன்று மாலை மாதாவின் சப்பரம் அவள் தெருவழியாகத்தான் போயிருந்தது. வாசலில் நின்று, அவன் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லுங்கள்: எண்ணிக்கையைச் சரியாகப் படித்தவர் அக்காவா, தம்பியா?

விடை: நாற்பதைப் படித்ததில் தம்பி சரி. நாள் கிழமை பாராமல் நகலெடுக்கும் இயந்திரங்கள்தான் அவை. ஒன்றைப் படித்ததில் அக்கா சரி. எண்ணிக்கையில் பெயர் இருக்காதுதான். ஆனாலும் எல்லோரும் விட்டுவிட்ட பதிப்பை எண் சொல்லிக் கேட்டு வாங்கி, மாதா திருவிழாவுக்கு லீவும் போடுகிற பிடிவாதக்காரன் வேறு யார்? பூஜ்யத்தைத்தான் இருவரும் பாதியோடு நிறுத்திவிட்டார்கள். அன்று அவன் ஊரில் இருந்தான். சப்பரத்தோடு அவள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறான். நின்று கூப்பிடவில்லை.

மீதிப் பாதியை இரண்டு நாள் கழித்து ஜெசிந்தாவே படித்தாள். அழுது முடித்து, மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொன்னாள். காலையில் எண்ணிக்கை பார்ப்பதை மட்டும் விட முடியவில்லை. அவர்கள் வந்த அன்றும் ஒன்று இருந்தது.