பெரியகுளத்துப் பலிகடா

ஒரு குளம் உடைந்து ஊரே செத்துக் கிடக்கிறது. ராசாவுக்கு முதலில் என்ன கவலை வரும் என்று நினைக்கிறீர்கள்? பழியை யார் தலையில் போடலாம் என்கிற கவலைதான்!

முன்னே ஒரு காலத்தில் வேழக்குறிச்சிப் பாளையத்தை விருப்பண்ண ராசா ஆண்டார். காலையில் கொஞ்சுவார், மாலையில் கழுவேற்றுவார். அப்படி ஒரு குணம். அந்த ஐப்பசியில் பெரியகுளத்துக் கரை உடைந்து, கீழூரை வெள்ளம் வழித்துக்கொண்டு போய்விட்டது. பிழைத்தவர்கள் அரண்மனை வாசலில் வந்து நின்று அழுதார்கள்.

அன்று சபையில் தாமசு துரை என்கிற கப்பல் வியாபாரியும் இருந்தார். வாய் சும்மா இருக்காமல் அவர் சொன்னார்: "எங்கள் பாஷையில் 'ஸ்கேப்கோட்' என்று ஒரு சொல் உண்டு, ராஜா. அந்தக் காலத்தில் ஊர்ப் பாவத்தையெல்லாம் ஓர் ஆட்டின் தலையில் ஏற்றிக் காட்டுக்கு விரட்டுவார்களாம். இப்போது ஆடு கிடையாது. செய்யாத குற்றத்தை எவன் சுமக்கிறானோ, அவனைத்தான் அப்படிச் சொல்கிறோம்."

"அட, நம்ம பலிகடா!" என்று துள்ளினார் படைக்குத் தலைவரான தளவாய் கொண்டையப்பர். மந்திரியான பிரதானி ஆவுடையப்பரை ராசா மதிப்பது இவருக்கு எப்போதும் வயிற்றெரிச்சல். அதனால் முந்திக்கொண்டார். "ஆளு கைவசம் இருக்கு, மகாராசா. குளத்து மடையைத் திறந்து மூடுற கருத்தாண்டி. நேரத்துக்கு மடையைத் திறக்கலைன்னு சொல்லி வெட்டிடுவோம். சனம் அடங்கிடும்."

"துரை நாட்டுல விரட்டத்தானே செய்யுறாங்க?" என்றார் பிரதானி.

"நம்ம ஊர்ல ஆட்டை விரட்டுற வழக்கம் ஏது ஓய்? வெட்டுறதுதான்!"

"அப்ப நம்ம வழக்கப்படியே முழுசாச் செய்வோம். மஞ்சத்தண்ணி ஊத்தணும். ஆடு உடம்பைக் குலுக்கிச் சம்மதம் தரணும். குலுக்காத ஆட்டை வெட்டினா, வெட்டச் சொன்னவன் குலம் விளங்காது. சரிதானே, மகாராசா?"

குலம் என்றதும் ராசா உடனே தலையாட்டினார். "முறைப்படியே நடக்கட்டும்" என்றார்.

"ஒரு குடம் ஊத்தினா எவனும் உதறுவான்" என்று சிரித்தார் தளவாய்.

கருத்தாண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். பக்கத்தில் அரிவாள். ஊர் முழுக்கக் கூடிவிட்டது. தலையில் தண்ணீர் விழுந்தது. அவன் அசையவில்லை. விடிய விடிய வெள்ளத்தில் நின்று பிணம் தூக்கிப் போட்டவனுக்கு இந்தத் தண்ணீரா குளிரும்? இன்னொரு குடம். கல்லாக நின்றான்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆடு குலுக்காவிட்டால் நேர்ந்துவிட்டவர் பக்கம் குற்றம் இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் குலத்துக்கே கேடு. இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"குத்தத்தைச் சொல்லு! குத்தத்தைச் சொல்லு!"

ராசா தளவாய் பக்கம் திரும்பினார். "தளவாய், ஆட்டைக் கொண்டாந்தது நீர்தானே? சொல்லும்!"

"நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

மறுபடி ஒரு குடம். அவன் அசைந்தால்தானே!

"என் குலத்தை அழிக்கப் பாக்குறியாடா? சொல்லு!" என்று ராசா வாளில் கை வைக்கவும் தளவாய்க்கு நாக்கு அவிழ்ந்தது. "கரைக்கல்லைப் பேத்தது நான்தான்! எதுக்குப் பேத்தேன்? நீங்கதானே தீபாவளிக்குள்ள வசந்த மண்டபம் எழும்பணும்னு குதிச்சீங்க!"

அதைக் கேட்டதும்தான் கருத்தாண்டியின் உடம்பு உதறியது.

"குலுக்கிட்டான்! வெட்டுங்க!" என்று கத்தினார் தளவாய்.

அரிவாள் மேலே போனது. பிரதானி குறுக்கே போய் நின்றார். "ஆடு அழுது எங்கேயாவது பாத்திருக்கீரா, தளவாய்? அவன் அழுறான். அழுதா மனுசன்யா."

ராசா கருத்தாண்டியின் முகத்தைப் பார்த்தார். அரிவாளைக் கீழே போடச் சொன்னார். தளவாயின் தலைப்பாகையைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தார். "சும்மாடு கட்டும். மண்டபத்துக் கல்லெல்லாம் உம்ம தலையிலதான் குளத்துக்குத் திரும்பணும்."

பிரதானிக்குத் தம் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அவர் வாங்கவில்லை, கருத்தாண்டியைக் காட்டினார். ராசா அவன் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னப்பா வேணும்? எது வேணும்னாலும் கேளு."

கருத்தாண்டி ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சேத்துக்குள்ள எங்க சனம் இன்னும் கிடக்கு, சாமி. எம் பொண்டாட்டியும் அங்கதான். மம்பட்டியோட ஆளு அனுப்புங்க."