அந்தப் பக்கம் ஐஸ் சரியில்லை

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக்கு நான் குடிக்கிற தேத்தண்ணியில் சீனி கரையாமல் அடியிலேயே கிடக்கட்டும். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நடந்தது நடந்ததுதான்.

"டீச்சர், பாத்துப் பாத்துக் கண் பூத்துப் போச்சு. இந்தப் பொடியனிட்டை ஒண்டுமே இல்லை."

சொன்னவர் குகநேசன். சொன்ன இடம் சுவீடனின் வடக்குக் கோடியில் ஒரு சிற்றூர். மரம் அறுக்கிற ஆலை ஒன்று, ஐஸ் அரங்கு ஒன்று, அவ்வளவுதான் ஊர். குளிர் எப்படியென்றால், அங்கே காகம்கூடக் கையுறை போட்டுக்கொண்டுதான் பறக்கும்.

குகநேசனுக்குத் தொழில் பொடியன்களைப் பார்ப்பது. கனடாவில் ஓர் ஐஸ் ஹொக்கிக் கழகத்துக்காக ஊர் ஊராகப் போய், இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று சொல்லவேண்டும். ஐஸ் ஹொக்கியில் பந்து கிடையாது, தடியால் தள்ளுவது ஒரு ரப்பர் வட்டு.

டீச்சர் என்பது தவமலர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவரில்லை. யாழ்ப்பாணத்தில் வலைப்பந்து விளையாடியவர், தடுப்பாட்டக்காரி. குகநேசனைவிட வயதில் இளையவர். ஆனாலும் கழகத்தில் எல்லோருக்கும் குரு அவர்தான். வெள்ளைக்காரரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள், அதுதான் அவருடைய பெயரென்று நினைத்து.

ஒருமுறை தொலைபேசியில் ஏதோ ஒரு பொடியன் சறுக்குகிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "இவனுக்குச் சின்ன வயதிலை இடது முழங்கால் உடைஞ்சிருக்கு" என்றாராம். விசாரித்தார்கள். அப்பிள் மரத்திலிருந்து விழுந்திருக்கிறான்.

அப்படிப்பட்டவரிடம்தான், பொடியனின் ஆட்டங்களைப் பார்த்து அலுத்து, கடைசி ஆட்டம் தொடங்க முன்னம் குகநேசன் முறையிட்டார்.

"என்னத்தைக் கண்டியள் அண்ணை?"

"கோல் போடேல்லை. ஆரையும் மோதி விழுத்தேல்லை. வேகமும் இல்லை. வட்டை எடுக்கிறான், பக்கத்திலை நிக்கிறவனுக்குக் குடுக்கிறான்."

"வேறை?"

"வேறை ஒண்டும் நடக்கேல்லை டீச்சர். அவன் ஐஸிலை நிண்டால் எனக்குக் கொட்டாவி வருது."

"ஓமோ?" என்றார் டீச்சர். போத்தலைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார்.

பொடியனின் பெயர் ஆர்விட். தடுப்பாட்டக்காரன்.

வருஷத்துக்கு ஒருமுறை கழகங்களெல்லாம் ஒரு மண்டபத்தில் கூடி, பொடியன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். முதற் சுற்றில் எடுபடுகிறவனுக்குக் கைதட்டலும் படப்பிடிப்பும். கடைசிச் சுற்று வரும்போது பாதிப் பேர் சாப்பிடப் போயிருப்பார்கள், கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருப்பார்கள். குகநேசனின் கழகம் எடுத்த ஆர்விட்டின் பெயரை அந்தக் கதிரைச் சத்தத்துக்குள்தான் வாசித்தார்கள்.

இப்போது அவனைக் கனடாவுக்குக் கூட்டிப்போவதா, கைவிடுவதா என்று கழகம் முடிவு சொல்லவேண்டும். அன்று ஆட்டம் முடிந்ததும் மனேஜர் தொலைபேசியில் கேட்பார். குகநேசன் இல்லையென்றால் இல்லைதான். ஆர்விட் மாமனோடு மர ஆலையில் பலகை அடுக்கப் போவான். சறுக்குச் சப்பாத்தை விற்க ஆள்கூடப் பார்த்துவிட்டான் என்று ஊரில் கதை.

ஆட்டம் தொடங்கியது.

"இண்டைக்கு அவனைப் பாக்கக் கூடாது" என்றார் டீச்சர்.

"அவனைப் பாக்கத்தானே விமானம் ஏறி வந்தனாங்கள்?"

"கண் அவன்ரை பக்கம் போச்சுதெண்டால் நுள்ளுவன்."

"டீச்சர், எனக்குத் தலை நரைச்சுப் போச்சு."

"நரைச்ச தலைக்கும் நோகும்."

"பிறகு ஆரைப் பாக்கிறது?"

டீச்சர் விரலை நீட்டினார். எதிரணியில் ஒரு சிவப்புத் தாடிக்காரன். அந்த நாட்டிலேயே பெரிய கோல்காரன். அவன் அடித்த வட்டு ஒருமுறை வலையைக் கிழித்து, கண்ணாடியை உடைத்து, வெளியே நின்ற தபால்காரரின் தொப்பியையும் கொண்டுபோனது என்பார்கள். தொப்பி போனது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

குகநேசன் தாடிக்காரனைப் பார்த்தார்.

தாடிக்காரன் வட்டோடு பறந்து வந்தான். வந்தவன் பாதியில் தயங்கினான். வட்டை மூலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பிப் போனான்.

மறுபடியும் வந்தான். இந்த முறை நடுவுக்கு ஒதுங்கினான். அங்கே ஆள் நெரிசல். வட்டு பறிபோனது.

குகநேசனின் கண் மெல்ல நழுவியது.

"ஆ!"

"தாடியைப் பாருங்கோ அண்ணை."

கடைசிப் பகுதியில் தாடிக்காரன் ஆர்விட் நின்ற பக்கத்துக்கே வரவில்லை. எதிர்ப்பக்கத்திலேயே சுற்றினான். பயிற்சியாளர் கத்தினார். தாடிக்காரன் தன் தடியைச் சுவரில் அடித்து முறித்தான்.

"இவனுக்கு இண்டைக்கு என்ன பிடிச்சது?" என்றார் குகநேசன்.

"என்னைக் கேட்டால்? அவனைப் போய்க் கேளுங்கோ."

ஆட்டம் முடிந்து, உடைமாற்றும் அறை வாசலில் தாடிக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். குகநேசன் கேட்டார். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் பாஷையில் சொல்கிறேன்.

"அந்தப் பொடியன் உமக்கு என்ன செய்தவன்?"

"எந்தப் பொடியன்?"

"தடுப்பிலை, இடது பக்கம் நிண்டவன்."

தாடிக்காரன் யோசித்துப் பார்த்தான்.

"அவனோ? அவன் ஒண்டும் செய்யேல்லை. அந்தப் பக்கம் ஐஸ் சரியில்லை."

குகநேசனுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"'இந்தப் பொடியனிட்டை ஒண்டுமே இல்லை.' இதையேதான் தை மாசமும் சொன்னியள் அண்ணை."

"எப்ப?"

"மைக்குக்கு முன்னாலை நிண்டு."

சிரிப்பு நின்றது.

தை மாதம் குகநேசனின் தமையன் பரமநாதன் இறந்துபோனார். மரணச் சடங்கில் உறவுகள் ஒவ்வொருவராகப் போய் இரண்டு வார்த்தை பேசினார்கள். குகநேசனின் முறை வந்தது. முன்பின் தெரியாத பொடியன்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசக்கூடிய மனுஷன், மைக்கைப் பிடித்தபடி நின்றார். சொல்ல ஒரு சம்பவம் தேடினார். அகப்படவில்லை.

"பரமண்ணர்... நல்லவர். சொல்லுறதுக்குப் பெரிசா ஒண்டும் இல்லை" என்றுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முன்வரிசையில் இருந்த அண்ணி தலையைத் தூக்கி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவேயில்லை.

அரங்கு வாசலுக்கு உட்பக்கம் ஒரு வாங்கு இருந்தது. குகநேசன் அதில் உட்கார்ந்தார். டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே ஐஸை மினுக்குகிற வண்டி வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், எங்கடை அப்பா குடிச்சுப்போட்டு வருவார்."

டீச்சர் தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்துத் திறந்தார்.

"வந்தால் வீட்டிலை ஒண்டும் மிஞ்சாது. கோப்பை, கதிரை, அம்மா. ஆனா என்ரை அறைக்குள்ளை மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. வாசல்மட்டும் வருவார், ஏதோ புறுபுறுப்பார், திரும்பிப் போயிடுவார். என்னிலை மட்டும் அவருக்கு விருப்பம் எண்டு நான் நினைச்சிருந்தனான்."

"அண்ணர் எங்கை படுக்கிறவர்?"

குகநேசன் உள்ளே சுற்றுகிற வண்டியைப் பார்த்தார்.

"கதவடியிலை."

"கட்டில் இல்லையோ?"

"இருந்தது. முதுகு நோவுக்குக் கட்டில் ஒத்துவராது எண்டு சொல்லுவார். நிலத்திலைதான், கதவோடை கதவாய்..."

வண்டி இன்னொரு வட்டம் போனது.

"முதுகு நோ எண்டு அவர் மருந்து எடுத்து நான் காணேல்லை டீச்சர்."

டீச்சர் தேத்தண்ணியை நீட்டினார். குகநேசன் வாங்கினார், குடிக்கவில்லை.

"விடியக்காலமை நான் ஹொக்கிப் பயிற்சிக்குப் போகேக்கை கார் சூடாய் இருக்கும். கனடாப் பனியிலை. அண்ணர் எனக்கு முதலே எழும்பியிருப்பார். கார் எண்டால் அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சனான்."

ஐஸுக்கு மேலே ஆட்டத்தின் புள்ளிகளைக் காட்டும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அப்போது தோளில் பையோடு ஆர்விட் உடைமாற்றும் அறையிலிருந்து வந்தான். இவர்களைக் கண்டதும் நின்றான். கனடாக்காரர் என்று தெரியும்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். இண்டைக்கும் உங்களுக்குக் காட்ட ஒண்டும் கிடைக்கேல்லை" என்றான்.

குகநேசன் எழுந்து நின்றார். நரைத்த தலை மனுஷன், இருபது வயதுப் பொடியனுக்கு முன்னால் எழுந்து நின்றார். பொடியனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பனிக்குள் போனான்.

தொலைபேசி அடித்தது.

"சொல்லு குகன்" என்றார் மனேஜர். "ஓமோ, இல்லையோ?"

"ஓம்."

"என்ன? போன கிழமை நீதானே இல்லையெண்டனி?"

"ஓம் எண்டுறன்."

"கோல் போட்டவனோ?"

"இல்லை."

"ஆரையும் தூக்கி அடிச்சவனோ?"

"இல்லை."

"இஞ்சை பார், எனக்கு மேலை ஆக்கள் இருக்கினம். நாளைக்கு அவைக்கு முன்னாலை நிண்டு நான் ஏதாவது சொல்லவேணும். கனக்க வேண்டாம். அவன் செய்தது ஒண்டே ஒண்டைச் சொல்லு."

குகநேசன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டியிருந்ததை அவிழ்த்து, மறுபடியும் கட்டினார்.

"ஹலோ? இருக்கிறியோ?"

"இருக்கிறன்."

"அப்ப சொல்லு."

"எனக்கு ஒரு அண்ணர் இருந்தவர்" என்றார் குகநேசன்.

இவ்வளவுதான். யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் சொன்னது நான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் பெயரைக் கேட்டதும் சனம் சிரிக்கும். பிறகு பரமநாதன் என்று ஒரு மனுஷன் இருந்தார் என்பதையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.