முறுக்கு டின்னுக்குள் ஒரு கோயில்

ஐப்பசி மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. காலையில் தொடங்கிய மழை பொன்மலை ரயில்வே குடியிருப்பின் மேல் இன்னும் ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. இருதயநாதன் ஒரு முறுக்கு டின்னை மழைச்சட்டைக்குள் அணைத்துக்கொண்டு, முதுகில் கிட்டாரோடு, ரயில்வே பள்ளியில் அறிவியல் நடத்தும் ஜெசிந்தா டீச்சரின் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. டீச்சருக்கு முப்பத்தொன்று.

"டீச்சர், செஞ்சுட்டேன்!"

"முதல்ல தலையைத் துவட்டுங்க சார்."

துவட்டுவதற்கு அவருக்குப் பொறுமையில்லை. ஆறு மணிக்கு ஒத்திகை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் கிட்டார் வாசித்துவந்த இசைக்குழுவின் தலைவர் அல்போன்ஸ், சென்ற ஞாயிறன்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார்: "உன் கிட்டார் காஞ்ச ரொட்டி மாதிரி இருக்குப்பா, இருதயம். கொஞ்சம் எதிரொலி ஏத்திக்கிட்டு வா. சனிக்கிழமை கேட்டுப் பார்ப்பேன். சரியில்லைன்னா திருவிழாவுக்குக் கீபோர்டுலயே கிட்டார் சத்தத்தையும் நானே வாசிச்சுக்கறேன்."

எதிரொலி தரும் கருவி கடையில் கிடைக்கும். விலைதான் கைக்கு எட்டாது. எனவே திங்கட்கிழமையன்று டீச்சரிடம் வந்து, "எதிரொலி எப்படி உண்டாகுது டீச்சர்?" என்று கேட்டிருந்தார்.

டீச்சர் எழுந்து சென்று ஜன்னல் திரையைக் கழற்றி, அதைக் கோத்திருந்த நீள ஸ்பிரிங்கை உருவி எடுத்தார். மேலே இருந்த பிளாஸ்டிக் உறையைப் பிளேடால் சீவினார். ஒரு முனையை இருதயநாதனின் காதோரம் வைத்து, மறுமுனையை நகத்தால் சுண்டினார்.

"இடி!" என்று அலறிவிட்டார் அவர். "டீச்சர், காதுக்குள்ள இடி இடிக்குது!"

"வீட்டுல திரை இருக்கா சார்?"

அவ்வளவுதான் பாடம். ஐந்து நாள்களில் அவர் வீட்டுக் கூடத்தின் ஜன்னல் வெறுமையாயிற்று. பழைய ரேடியோ தன் சின்ன ஒலிபெருக்கியை இழந்தது. அழைப்பு மணி, உள்ளே இருந்த பித்தளை வில்லையை இழந்து ஊமையாயிற்று. ஒலிபெருக்கிக்கும் வில்லைக்கும் நடுவே ஸ்பிரிங்; மூன்றுக்கும் வீடாக முறுக்கு டின். கிட்டாரின் ஒலி ஸ்பிரிங்கின் வழியே ஓடி, மறுமுனையிலுள்ள வில்லையில் மீண்டும் மின்சாரமாகி வெளியே வர வேண்டும். அவர் மனைவி பிலோமினா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஜன்னலும் போச்சு, பெல்லும் போச்சு, முறுக்கு டின்னும் போச்சு. அடுத்தது நானா?"

டீச்சர் ஒயர்களைப் பொருத்தினார். கிட்டார் ஒலியில் பாதி நேராக அறையிலிருந்த பெரிய ஒலிபெருக்கிக்கு. மீதிப் பாதி டின்னைச் சுற்றிக்கொண்டு. இருதயநாதன் ஒரு தந்தியை மீட்டினார்.

'டக்' என்றது டின்.

டீச்சர் மூடியைத் திறந்தார். ஸ்பிரிங் விறைப்பாக இழுக்கப்பட்டிருந்தது. நடுவே மூன்று இடங்களில் ரப்பர் வைத்த பிடிகள்.

"இது என்ன சார்?"

"கொஞ்சங்கூட ஆடாது டீச்சர்!" பெருமையாகச் சொன்னார். பணிமனையில் முப்பது ஆண்டுகளாக வேகன்களுக்கு ஸ்பிரிங் பூட்டும் கை அது.

"எந்த வேகனுக்குப் பூட்டினீங்க?"

அவருக்கு விளங்கிற்று. நாக்கைக் கடித்துக்கொண்டார். பிடிகளைக் கழற்றினார், முனைகளைத் தளர்த்தினார். ஸ்பிரிங் டின்னின் எந்தப் பக்கமும் படாமல் லேசாகத் தொய்ந்து தொங்கிற்று. அடியில் கிடந்த முறுக்குத் துண்டையும் எடுத்துப் போட்டார்.

இம்முறை டீச்சர் கிட்டாரை வாங்கி ஒரே ஒரு சுரத்தை மீட்டினார்.

அந்தப் பத்தடி அறை காணாமல் போயிற்று. உயர்ந்த கூரையும் கல் தூண்களும் கொண்ட ஏதோவொரு பெரிய கோயிலுக்குள் அந்தச் சுரம் நடந்து சென்று, பீடத்தைத் தொட்டு, திரும்பி வந்தது.

"கோயில் டீச்சர்! முறுக்கு டின்னுக்குள்ள கோயில்!" இருதயநாதன் எழுந்து குதித்தார். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். "கொடுங்க, கொடுங்க, நான் வாசிக்கிறேன்!"

திருவிழாவுக்கான பாட்டை வாசித்தார். விரல்கள் மழையை முந்திக்கொண்டு ஓடின. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. கோயில் வரவில்லை. ஏதோ இரைச்சல் வந்தது. அதன்மேல் அதே காய்ந்த ரொட்டி.

ஒயர் விட்டுவிட்டது என்று நினைத்தார். மூடியைத் திறந்து, பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் ஆட்டிப் பார்த்தார். விடவில்லை. இன்னும் பலமாக வாசித்தார். இன்னும் வேகமாக வாசித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தாகப் பத்து நிமிடம்.

"நீங்க வாசிச்சா வருது, நான் வாசிச்சா வரலை. இந்த ஸ்பிரிங் என்ன டீச்சர், ஆள் பார்த்துப் பேசுதா?"

"உங்க கை ஏன் சார் நடுவுல ஒரு இடத்துலகூட நிக்க மாட்டேங்குது?"

"நின்னா எப்படி டீச்சர்? பணிமனையில கை நின்னா மேஸ்திரி கேப்பார். மேடையில கை நின்னா, இருதயத்துக்குப் பாட்டு மறந்துபோச்சும்பாங்க."

டீச்சர் டின்னின் மூடியைத் திறந்தே வைத்தார்.

"ஒரு சுரம் மட்டும் வாசிங்க."

வாசித்தார். அந்தக் கணமே விரல்கள் இரண்டாவது சுரத்துக்குப் பாய்ந்தன. டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஆள்காட்டி விரலை இழுத்து ஸ்பிரிங்கின்மேல் மெல்ல வைத்தார். அது குருவிக் குஞ்சின் நெஞ்சைப் போல் துடித்துக்கொண்டிருந்தது.

இருதயநாதனின் குரல் தாழ்ந்தது.

"ரெண்டாவது சுரத்தை எப்ப வாசிக்கட்டும் டீச்சர்?"

"முதலாவதுக்கே அது இன்னும் பதில் சொல்லிக்கிட்டிருக்கு சார்."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். மீண்டும் அந்த ஒரே சுரத்தை வாசித்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஐந்தரை மணி வரை கேட்டார்.

அன்றைய ஒத்திகையில், பாட்டின் நடுவே அல்போன்ஸ் கீபோர்டிலிருந்து கைகளை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். திருவிழா முடிந்த மறுநாள், வழக்கமான கூலியோடு ஐம்பது ரூபாயைச் சேர்த்து நீட்டி, "புது மெஷினுக்கு வாடகை" என்றார். அந்த ஐம்பது ரூபாயைக் கொடுத்து அன்று மாலையே இருதயநாதன் புதிய திரை ஸ்பிரிங் வாங்கி, தம் கையாலேயே ஜன்னலில் மாட்டினார்.

"என்ன, நடுவுல இப்படித் தொய்ஞ்சு கிடக்கு?" என்று கேட்டாள் பிலோமினா.

இருதயநாதன் அதை நகத்தால் ஒருமுறை சுண்டி, அது ஆடி அடங்கிய பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார்.