இரண்டு வாசல் நண்டு

ஏரிக்கரையில் ஒரு நண்டு வளை தோண்டிக் குடியிருந்தது. வளைக்கு இரண்டு வாசல். ஒன்று ஏரித் தண்ணீருக்குள். மற்றொன்று கரையின் மறுபுறம், வயலைப் பார்த்து.

"கொக்கு வந்தால் அந்த வாசல், நரி வந்தால் இந்த வாசல்! என்னைப் போல் வீடு கட்டத் தெரிந்தவர் இந்த ஏரியில் யார்?" என்று தினமும் தானே சொல்லித் தானே பூரித்துப்போகும். அதன் வயிற்றுக்கடியில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஐப்பசி மழை நான்கு நாளாக விடவில்லை. ஏரி ஏறிக்கொண்டே போனது. வாலாட்டிக் குருவிக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கரைமேல் ஓடியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வயல் பக்க வாசலில் தண்ணீர் கசிவதைக் கண்டு பதறிப்போனது.

"நண்டக்கா! ஏரித் தண்ணீர் உங்கள் வளை வழியாக வெளியே வருகிறது! தண்ணீர்ப் பக்க வாசலைச் சேறு வைத்து அடைத்துவிடுங்கள்!"

"அடைப்பதா? அப்புறம் எனக்கும் ஒற்றை வாசல் நண்டுகளுக்கும் என்ன வித்தியாசம்?"

குருவி போய், கீழே வயலில் குடியிருந்த தவளையிடம் சொன்னது. தவளை வந்து பார்த்தது. மறுபேச்சு பேசாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டது.

மதியம் குருவி திரும்பி ஓடிவந்தது.

"அக்கா, காலையில் தெளிவாகக் கசிந்தது. இப்போது கலங்கலாக வருகிறது. கரை மண் கரைகிறது! ஒரே ஒரு முறை வெளியே வந்து பாருங்கள்!"

"பார்க்க என்ன இருக்கிறது? கட்டியவள் நான்! உனக்கு வாலும் நிற்காது, வாயும் நிற்காது. போ, போ!"

நண்டு வாசல் மண்ணைக் கொடுக்கால் தடவி மெழுகிக்கொண்டிருந்தது. அப்போதே கரை பிளந்தது. ஏரி மொத்தமும் அந்த வளை வழியே சீறிப் பாய்ந்தது. நண்டை உருட்டி வயலில் எறிந்தது.

வெள்ளம் வடிந்தபோது நண்டுக்கு ஒரு கொடுக்கு இல்லை. வயிற்றைத் தடவிப் பார்த்தது. ஐந்தாறு குஞ்சுகள்தான் மிச்சம்.

"வாலாட்டி! வாலாட்டி! மேலே பறந்து பாரேன். என் பிள்ளைகள் எங்காவது தெரிகிறார்களா?"

குருவி வயல் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கும் செந்தண்ணீர்தான் தெரிந்தது.

தன் கெட்டிக்காரத்தனத்தில் தானே மயங்கிக் கிடப்பவர், கண்ணெதிரே வரும் ஆபத்தையும் காண்பதில்லை, அதைச் சொல்ல வருபவரையும் மதிப்பதில்லை.