மை வைத்த கன்னம்

“அதான் லேசர் அடிக்கிறீங்களே டாக்டரம்மா, அப்புறம் இந்தக் களிம்பு எதுக்கு?” என்று கேட்டாள் செண்பகவல்லி.

அவள் மடியில் மூன்று வயது மகள் பூரணி. பிள்ளையின் இடது கன்னம் முழுக்க, நாவற்பழத்தைப் பிழிந்து விட்டதுபோல் ஒரு மச்சம். பிறந்த அன்றே இருந்தது.

டாக்டர் கோமதி களிம்பைக் கையில் எடுத்தார். வயல் வேலை தெரியுமா என்று கேட்டார்.

“அதுலயே பிறந்து வளர்ந்தவதான்.”

“கோரையை அறுத்துப் போட்டா வயல் சுத்தமாயிருமா?”

“எப்படி ஆகும்? கிழங்கு கிடந்து மறுபடி முளைக்கும்லா?”

டாக்டர் களிம்பை அவள் கையில் வைத்தார்.

தன் வாயாலேயே மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

செண்பகவல்லி கவலை இல்லாத நாளில், ஏன் இல்லை என்று கவலைப்படுகிறவள். தினமும் விடிந்ததும் பிள்ளையின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குள் மறைய வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடும்; அது கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கூடவே வரும்.

மங்கித்தான் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், முதலில் உங்க கண்ணாடியை மாத்துங்க என்பாள்.

கோடை முடியும் சமயம், லேசருக்காக மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

“அப்படியேதான் இருக்கு டாக்டரம்மா. எல்லாத்தையும் நிறுத்திரலாம்னு பாக்கேன்.”

டாக்டர் பிள்ளையின் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினார்.

“இது யார் வச்சது?”

மச்சத்தின் மேலேயே ஒரு மைப்பொட்டு.

செண்பகவல்லிக்குப் பதறிவிட்டது. கறுப்பு பட்ட இடத்தை லேசர் சுட்டுவிடும், முகத்தில் எதையும் பூசாமல் கூட்டி வரவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பவுடர்கூடப் போடாமல்தான் கிளப்பினாள். படியிறங்கும்போது பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கை எப்போது மைச்சிமிழுக்குப் போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மா இருந்த காலத்தில் அக்கா தங்கச்சிகள் எல்லோரும் காலையில் வரிசையாக நிற்பார்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கில் பிடித்த மை. அம்மாவின் மோதிர விரல் கன்னத்தில் ஜில்லென்று படும். சடை பின்னாத நாள் உண்டு, பொட்டு வைக்காத நாள் கிடையாது. தனக்கும் ஒரு பெண் பிறந்தால் இப்படி வைக்க வேண்டும் என்று எத்தனை வருஷம் காத்துக் கிடந்தாள்! பிறந்ததும் எதிர்வீட்டுக்காரி, “இவளுக்கு எதுக்குடி திருஷ்டிப் பொட்டு? சாமியே வச்சு அனுப்பியிருக்கு” என்று சிரித்தாள்.

அன்றைக்கு மூடி வைத்த சிமிழ் அது.

“நான்தான் வச்சேன்” என்றாள் மெல்ல.

“எதுக்கு?”

“கண்ணு பட்டுருமேன்னு…”

 பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பஞ்சை நனைத்து அவளிடம் நீட்டினார்.

“படத்தான் செய்யும். இதைத் துடைச்சிட்டு, உள்ளங்கால்ல வச்சு விடுங்க.”