தவசி வீட்டைக் குளிர வைத்த கதை

நெருஞ்சிப்பொட்டலில் முட்டாள்கள் யாரும் இல்லை என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லுவார்கள். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஊரில் தவசி என்று ஒருவர். அவர் மனைவி இருளாயி. தவசிக்குத் தம்பிகள் இரண்டு பேர், சன்னாசியும் சோணைமுத்துவும். நாலு பேருக்கும் ஒரே வீடு. எதைச் செய்தாலும் நாலு பேரும் உட்கார்ந்து பேசித்தான் செய்வார்கள். வினையே அங்கேதான் ஆரம்பிக்கும்.

தவசியின் ஒரே மகள் காளீஸ்வரியை மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் இப்போது மாசமாக இருந்தாள். வளைகாப்புக்கு நாள் குறிப்பதற்காக மாப்பிள்ளையின் அம்மா அன்னமயில் ஊருக்கு வந்தார். வந்தது நட்டநடு மத்தியானம். வீடோ கான்கிரீட் வீடு. கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்திருப்பார், முந்தானை முழுக்க நனைந்துபோனது.

"இது வீடா, செங்கல் சூளையா? கத்திரி வெயில்ல என் மருமகளை இங்க அனுப்பி வேக வைக்கவா? வளைகாப்பு நடக்கட்டும். பிரசவத்துக்கு அவ எங்க வீட்டுலதான் இருப்பா" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார்.

தவசி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வராமல் இருப்பதா? காளீஸ்வரிக்குத் தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கி இன்னும் நடுவீட்டுக் கூரையில் இருந்தது. அதில் பேரப்பிள்ளையின் தொட்டில் ஆட வேண்டும் என்று, மகளுக்குக் கல்யாணமான மறுநாளே மனுஷன் அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார். இப்போது அந்தக் கொக்கியைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய வீட்டை இடிக்காமலே குளுமையாக்க வழி சொல்லும் என்ஜினியர் அம்மா ஒருவர் மதுரையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கையோடு அழைத்து வந்தார் தவசி. பாவம், நல்ல பெண். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். நாலைந்து வார்த்தையாவது காதில் விழாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் வேலை மாடிக்கு வெள்ளை அடிப்பது. வெள்ளை அடித்தால் அது வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்று என்ஜினியர் அம்மா சொல்லியிருந்தார். சுண்ணாம்பு வாளியோடு மாடி ஏறிய சன்னாசிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, திருப்பி அனுப்புற வெயிலு எந்த வழியாப் போகும்?"

"வந்த வழியாத்தான்."

"அந்த வழியாத்தான் வேற வெயிலு வந்துக்கிட்டு இருக்குமே. ரெண்டும் நேருக்கு நேரா மோதிக்கிட்டா?"

தவசி வானத்தைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். "மாசமா இருக்கிற புள்ள வர்ற வீடு. தலைக்கு மேல ஒரு விபத்து நடந்துறக் கூடாது" என்றார். ஆகவே மாடியின் நடுவில் ஒரு கோடு இழுத்தார்கள். இடது பாதிக்கு வெள்ளை அடித்தார்கள், அது போகிற வெயிலுக்கு. வலது பாதியை அப்படியே விட்டார்கள், அது வருகிற வெயிலுக்கு.

அடுத்தது விரிசல். சுவரில் இருந்த ஒரு விரிசலைக் காட்டி, "இது பெரிசாகுதான்னு பாத்துக்கிட்டே இருங்க, ஆச்சுன்னா பூசிரலாம்" என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். சோணைமுத்து ஒரு ஸ்டூலை எடுத்துப்போட்டு விரிசலுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். சாப்பாடும் அங்கேயே வந்தது.

"பெரிசாச்சாப்பா?" என்று தவசி வாசலிலிருந்து கேட்பார்.

"நான் பாக்கிறப்ப ஆக மாட்டேங்குதுண்ணே. கூச்சப்படுது போல."

எல்லாவற்றையும்விட மேற்குச் சுவர்தான் பெரிய வேலை. "இந்தச் சுவரு மத்தியானத்துக்கு மேல பூரா வெயிலைக் குடிச்சுட்டு, பொழுது சாஞ்சதும் அதை வீட்டுக்குள்ள விடுது. அதுக்கு முன்னால மறைப்பா ஏதாவது நிக்கணும்" என்பது என்ஜினியர் அம்மாவின் சொல். அவர் நினைத்தது கீற்றுப் பந்தலோ, கொடியோ. ஆனால் நிற்பதற்குத் தவசி வீட்டில் ஆளா இல்லை? தவசி, சன்னாசி, இருளாயி மூவரும் தோளோடு தோள் ஒட்டிச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். வெயில் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். சாயங்காலம் இருளாயி சுவரைத் தொட்டுப் பார்த்தார். சூடு கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. சந்தோஷமாக உள்ளே போகக் கால் எடுத்து வைத்தவரைத் தவசி தடுத்தார்.

"நில்லு. சுவரு குடிக்க வேண்டிய வெயிலை இன்னைக்கு யாரு குடிச்சது?"

"நாமதான்."

"அப்ப பொழுது சாஞ்சதும் அதை வீட்டுக்குள்ள விடப்போறது யாரு?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பினோம் என்று இருளாயி எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

"அந்தம்மா வேறொண்ணும் சொல்லுச்சே. சும்மா உக்காந்திருக்கிற ஆளுகூட ஒரு குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுவான்னு."

எல்லோரும் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்கள். சோணைமுத்து விரிசலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அடப்பாவி, நாம இங்க கிடந்து காயிறோம், உள்ள ஒரு பல்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கே" என்றார் தவசி.

சோணைமுத்துவை ஸ்டூலோடு வெளியே கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து அவர் விரிசலை ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு அடுப்பு வெளியே வந்தது. ஃப்ரிட்ஜ் வந்தது, டி.வி. வந்தது. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் முற்றத்தில் நடந்தன. வீடு மட்டும் பூட்டியே கிடந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆளும் இல்லாமல் அடுப்பும் இல்லாமல் போன அந்த வீடு உண்மையிலேயே குளிர்ந்துபோனது.

அன்னமயில் திரும்பப் பார்க்க வந்தார். தவசி கதவை ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தார்.

"சம்பந்தியம்மா, கையை மட்டும் உள்ள விட்டுப் பாருங்க."

கையை விட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. "சரி, பொண்ணை அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வளைகாப்பு முடிந்து காளீஸ்வரி வளையல் குலுங்க வந்து இறங்கினாள். வாசற்படி ஏறப் போனவளைத் தவசி கெஞ்சும் குரலில் நிறுத்தினார்.

"தாயி, உனக்காகத்தான் வீட்டை இப்படிக் குளிர வச்சிருக்கோம். நீயே உள்ள போய்க் கெடுத்துறாதம்மா. அதுவும் இப்ப நீ ரெண்டு பல்பு."

காளீஸ்வரி அந்த அப்பாவுக்குப் பிறந்த பெண்தானே. "ஆமாப்பா, அதுவும் நியாயந்தான்" என்று எதிர்வீட்டில் போய்த் தங்கிக்கொண்டாள். அந்த வீடு ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது, கெடுவதற்கு ஒன்றுமில்லை.

சித்திரையில் பெரியாஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னார்: "பச்சப் புள்ள. கொஞ்ச நாளைக்குக் கதகதப்பா வச்சிருங்க. குளிர் பட்டுறக் கூடாது."

தவசி கணக்குப் போட்டுப் பார்த்தார். தொட்டில் கொக்கி இருப்பது ஊரிலேயே குளிர்ந்த வீட்டில். எடுத்த எடுப்பில் அதை எப்படிச் சூடாக்குவது? முற்றத்தில் நாலு பேரும் கூடிப் பேசினார்கள்.

"வெள்ளையைச் சுரண்டிரலாமா?" என்றார் சன்னாசி.

"அப்புறம் போற வெயிலு எப்படிப் போகும்?" என்றார் இருளாயி.

சோணைமுத்து ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "அண்ணே, நாமதான் இருக்கோமே. வெயில்ல நின்னா சூடேறுது. அந்தச் சூட்டைக் கொண்டுபோய் உள்ள விட வேண்டியதுதானே?"

தம்பிக்கு இவ்வளவு மூளை இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஏற்பாடு ஆரம்பமானது. மேற்குச் சுவருக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். இருளாயி ஒவ்வொருவர் கழுத்திலும் கை வைத்துப் பார்ப்பார். பதம் வந்த ஆள் ஓடிப்போய்த் தொட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆறியதும் வெளியே வந்துவிட வேண்டும். தவசி முதல் ஆளாக உள்ளே ஓடினார். கொக்கியில் தொட்டில் ஆடியது. உள்ளே பேத்தி கையை மூடிக்கொண்டு தூங்கினாள். அவருக்குச் சந்தோஷம் தாங்காமல் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அழுததில் பாதிச் சூடு வீணாகிவிட்டது என்று இருளாயி அவரைத் திரும்பவும் வெயிலுக்கே அனுப்பிவிட்டார்.

அன்னமயில் பேத்தியைப் பார்க்க வந்தது கத்திரி வெயில் உச்சத்தில். நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, விலக்கு ரோட்டிலிருந்து குடை இல்லாமல் நடந்து வந்திருந்தார். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. இருளாயி ஓடிப்போய் அவர் கழுத்தில் கை வைத்தார்.

"ஆத்தாடி, என்னமா கொதிக்குது. நம்ம ஆளுக ஒருத்தருக்கும் இப்படி ஏறலையே."

தவசி இரண்டு கையையும் கூப்பினார். "வாங்க சம்பந்தியம்மா, வாங்க. நல்லா வெந்து வந்திருக்கீங்க. உங்க மனசு யாருக்கு வரும்?"

"கொஞ்சம் தண்ணி..." என்றார் அன்னமயில்.

"தண்ணி குடிச்சா ஆறிருவீங்க. மொதல்ல உள்ள போங்க."

ஆளுக்கொரு பக்கமாக அவரை உள்ளே தள்ளினார்கள். உள்ளே போன அன்னமயிலுக்குக் குளுகுளுவென்று இருந்தது. தொட்டிலில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவருடைய கோபமெல்லாம் போய்விட்டது. தரையில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "பரவாயில்ல சம்பந்தி, சொன்னபடி செஞ்சுட்டீங்க. நான் இங்கயே பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று கண்ணை மூடினார்.

இருளாயி மெல்ல வந்து அவர் கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தவசியிடம் தலையை ஆட்டினார்.

தவசி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சம்பந்தியம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க ஆறிட்டீங்க. மேற்குச் சுவருகிட்ட சன்னாசிக்குப் பக்கத்துல உங்களுக்கு இடம் விட்டு வச்சிருக்கு."